குருணைகளின் கடற்பயணம்

1971ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். வட அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே சர்காசோ கடல் எனப்படும் பகுதியில், அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் கார்பென்டர் என்னும் உயிரியலாளர் பாசி சேகரித்துக்கொண்டிருந்தார். அக்கடலின் மேற்பரப்பில் மிதக்கும் பழுப்பு நிறப் பாசிக்காக இழுக்கப்பட்ட நுண்வலையில், பாசியோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது. வெண்மையான சிறு உருளைகளும், விளிம்பு உடைந்த சில்லுகளும் மீண்டும் மீண்டும் வலையில் சிக்கின. கப்பல் போக்குவரத்து மிகுந்த துறைமுகம் எதுவும் அருகில் இல்லாத நடுக்கடல் அது.

கார்பென்டரும் அவருடைய உடன் ஆய்வாளர் கென்னத் ஸ்மித்தும் இதனை 1972 மார்ச் மாதத்தில் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டனர். ஒரு சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் சராசரியாக 3,500 பிளாஸ்டிக் துண்டுகள் மிதப்பதாக அவர்கள் கணக்கிட்டிருந்தனர். உற்பத்தி பெருகி, கழிவை அகற்றும் முறையும் இப்படியே தொடருமானால் கடலில் இதன் அளவும் கூடிக்கொண்டே போகும் என்றும் அக்கட்டுரை கூறியது. அதே ஆண்டின் இறுதியில் வெளியான கார்பென்டர் குழுவினரின் மற்றொரு கட்டுரை, அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோர நீரில் பாலிஸ்டைரீன் மணிகள் மிதப்பதையும், அவை மீன்களின் வயிற்றில் காணப்பட்டதையும் பதிவு செய்தது.

கடலில் பிளாஸ்டிக் சேர்வது அண்மைக்காலத்தில்தான் தெரியவந்த செய்தி என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 1972 என்பது நம் தந்தையர் இளைஞர்களாக இருந்த காலம். அப்பொழுதே செய்தி அச்சேறிவிட்டது. வலையில் சிக்கிய பொருள் இன்னதென்றும், அது எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்றும் ஏறக்குறையத் தெரிந்தேயிருந்தது. இதற்குப் பின் கழிந்த அரை நூற்றாண்டில் என்ன நடந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் பார்க்க விழைவது. அதற்கு முன்பாக, அந்த வெண்ணிறக் குருணை எப்படிப் பிறந்தது என்பதை அறிந்துகொள்வது நலம்.

பிளாஸ்டிக்கின் தொடக்கம் ஒரு பற்றாக்குறையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பில்லியர்ட்ஸ் பந்துகள் யானைத் தந்தத்தில் செய்யப்பட்டன. தந்தம் அரிதாகி விலை ஏறவே, மாற்றுப்பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அமெரிக்க நிறுவனமொன்று அறிவித்தது. ஜான் வெஸ்லி ஹயாட் என்பவர் 1869இல் பருத்தியின் செல்லுலோசிலிருந்து செல்லுலாய்டை உருவாக்கினார். சீப்பும் பொம்மையும் திரைப்படச் சுருளும் அதில் செய்யப்பட்டன. ஆயினும் அதன் மூலப்பொருள் செடியிலிருந்து வந்ததே. முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக், பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லேண்ட் 1907இல் ஆக்கிய பேக்கலைட் ஆகும். பழைய வீடுகளின் கரிய மின்சுவிட்சுகளில் அதனை நாம் பார்த்திருப்போம். ஒருமுறை இறுகிவிட்டால் மீண்டும் உருகாத பொருள் அது. யானையைக் காப்பாற்றியது பிளாஸ்டிக் என்று அக்காலத்தில் யாரேனும் பெருமை பேசியிருந்தால் அதில் தவறு காண்பதற்கில்லை.

கடலின் கதைக்குரிய பொருள் வேறு. 1933 மார்ச் மாதம், இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள வின்னிங்டன் என்னும் ஊரில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ரெஜினால்ட் கிப்சனும் எரிக் ஃபாசெட்டும் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் மிகக் கடுமையான அழுத்தத்தில் வைத்துச் சூடாக்கினர். அவர்கள் எதிர்பார்த்த வினை நடக்கவில்லை. கலத்தைத் திறந்தபோது மெழுகு போன்ற வெண்பொருள் சிறிது ஒட்டியிருந்தது. அதுவே பாலித்தீன். மீண்டும் அதனைச் செய்ய முயன்றபோது கலம் வெடிக்கும் அளவுக்குப் போனதால் ஆய்வு சில காலம் நின்றது. 1935இல்தான் அதனை நம்பகமான முறையில் ஆக்கும் வழி புலப்பட்டது. தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிய ஆண்டு 1939. இரண்டாம் உலகப்போர் மூண்ட ஆண்டும் அதுவே என்பதால், பாலித்தீன் முதலில் கடைவீதிக்கு வரவில்லை. மின்சாரத்தைக் கடத்தாத, எடை குறைந்த அப்பொருள் ரேடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாகப் போர்க்களம் சென்றது.

போர் முடிந்தது. தொழிற்சாலைகள் இருந்தன, பொருளும் இருந்தது. அதற்குப் புதிய பயன்கள் தேடப்பட்டன. 1953இல் ஜெர்மனியின் கார்ல் சீக்ளர் குறைந்த அழுத்தத்திலேயே உறுதியான பாலித்தீனை ஆக்கும் வினையூக்கியைக் கண்டார். மறு ஆண்டில் இத்தாலியின் ஜூலியோ நாட்டா அதே வழியில் பாலிபுரோப்பிலீனைப் படைத்தார். இருவருக்கும் 1963இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இன்று நம் வீட்டின் வாளி, குடம், நாற்காலி, அரிசி மூட்டையின் சாக்கு ஆகியவற்றில் பெரும்பாலானவை இவ்விருவரின் வழிவந்தவையே.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். குழாய்களுக்குப் பயன்படும் பி.வி.சி.யை வளையும் பொருளாக மாற்றியவர் வால்டோ சீமோன், ஆண்டு 1926. நைலானை 1935இல் உருவாக்கியவர் வாலஸ் கரோதர்ஸ். இன்று தண்ணீர் போத்தலாக நாம் காணும் ‘பெட்’ வகை, 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவரால் துணி நெய்யும் இழைக்காகவே உருவாக்கப்பட்டது. அது போத்தலானது நதானியேல் வைத் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1973இல் காப்புரிமை பெற்ற பிறகு. கடையில் சாமான் போட்டுத் தரும் கைப்பிடிப் பைக்கான காப்புரிமை, ஸ்வீடன் நாட்டு ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்பவரின் வடிவமைப்பிற்காக 1965இல் பதிவானது. காகிதப் பையைப் போல எளிதில் கிழியாது, பலமுறை பயன்படுத்தலாம் என்பதே அதன் சிறப்பாக இருந்தது.

ஒருமுறை பயன்படுத்தி எறிவது என்னும் பழக்கம் பொருளோடு கூடவே பிறந்ததன்று, அது கற்றுக்கொடுக்கப்பட்டது. 1955 ஆகஸ்டில் ‘லைஃப்’ இதழ், ஒரு குடும்பம் தட்டுகளையும் குவளைகளையும் மகிழ்ச்சியோடு வானில் வீசி எறியும் புகைப்படத்தை வெளியிட்டு, இவற்றைக் கழுவும் நேரம் மிச்சம் என்று எழுதியது. நம் ஊர்களுக்கு அந்தப் பாடம் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. ரமலானில் நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு பள்ளிவாசல் வாசலில் வரிசையில் நின்றதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று கொதிக்கும் கஞ்சி பாலித்தீன் பையில் முடிச்சிடப்பட்டு வீடு வருவதும் உண்டு.

இனி வகைகளைப் பற்றி. பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழிலமைப்பு கொண்டுவந்த முறை இது. 1 என்பது பெட், 2 உறுதியான பாலித்தீன், 3 பி.வி.சி., 4 மெல்லிய பாலித்தீன், 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், எஞ்சியவை அனைத்தும் 7. அந்த முக்கோணத்தைக் கண்டு, பொருள் மறுசுழற்சிக்குப் போய்விடும் என்று பலர் நம்புகின்றனர். எண் சொல்வது பிசினின் வகையை மட்டுமே. 2017இல் வெளியான ஒரு கணக்கின்படி, 2015 வரை உலகில் உற்பத்தியான பிளாஸ்டிக் ஏறத்தாழ 830 கோடி டன். அதில் கழிவாகிப்போன 630 கோடி டன்னில் மறுசுழற்சி கண்டது 9 விழுக்காடு.

கடலைப் பொறுத்தவரை இந்த எண்களைவிட முக்கியமானது எடைக்கும் பருமனுக்கும் உள்ள விகிதமாகிய அடர்த்தி. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம் எடையுள்ளது. அதே பருமனுள்ள பாலித்தீன் 910 முதல் 970 கிராம் வரையிலும், பாலிபுரோப்பிலீன் 900 கிராம் அளவிலும் இருக்கும். ஆகவே இவ்விரண்டும் மிதக்கும். திண்ம நிலையிலுள்ள பாலிஸ்டைரீன் 1,050 கிராம், நைலான் 1,140, பெட் 1,380 கிராம் அளவில் இருப்பதால் மூழ்கும். பி.வி.சி.யும் மூழ்கும். காற்றேற்றி ஊதிய பாலிஸ்டைரீனாகிய தெர்மாகோல் மட்டும் தன் இனத்துக்கு மாறாகத் தக்கை போல் மிதக்கும். மூடியிட்ட வெற்றுப் போத்தல் உள்ளிருக்கும் காற்றினால் மிதந்து, மூடி கழன்றதும் அடியில் போய்விடும். பாலித்தீனாலோ பாலிபுரோப்பிலீனாலோ ஆன அதன் மூடி மட்டும் தனித்து மிதந்துகொண்டேயிருக்கும். கடற்கரைகளில் போத்தல் இல்லாத மூடிகள் ஏராளமாய் ஒதுங்குவதற்கு இது ஒரு காரணம்.

மிதப்பதும் என்றென்றும் மிதப்பதில்லை. பாசியும் நுண்ணுயிர்களும் சிப்பிகளும் அதன் மேல் படிந்து எடை கூட்ட, அதுவும் மெல்லக் கீழிறங்கும். வெயிலின் புற ஊதாக்கதிர் அதனை நொறுங்கச் செய்யும், அலை அதனை உடைக்கும். துண்டு சிறுத்துக்கொண்டே போகுமேயன்றி மறைவதில்லை. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த இத்துகள்களுக்கு ‘மைக்ரோபிளாஸ்டிக்’ என்னும் பெயர் பரவலாக வழங்கத் தொடங்கியது, 2004இல் பிளிமத் நகர ஆய்வாளர் ரிச்சர்டு தாம்சன் குழுவினர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. பசிபிக்கின் மரியானா அகழியில் ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் பை கிடப்பதை 1998இலேயே ஜப்பானிய ஆழ்கடல் கருவியொன்று படம் பிடித்திருக்கிறது. மிதக்கும் பொருளும் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு அதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

சர்காசோவுக்கு முன்னரும் அறிகுறிகள் இருந்தன. பிரிட்டனில் 1931 முதல் சரக்குக் கப்பல்களின் பின்னால் ஒரு கருவியைக் கட்டி இழுத்து, கடலின் நுண்ணுயிர்களைப் பட்டுத் துணியில் படியவைத்து ஆராயும் வழக்கம் உண்டு. அக்கருவியில் 1957இல் ஐஸ்லாந்துக்கு அருகே செயற்கை இழை மீன்பிடிக் கயிறு சிக்கியதும், 1965இல் அயர்லாந்துக்கு அப்பால் பிளாஸ்டிக் பை ஒன்று சிக்கியதும் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கின்றன. கருவி பழுதான காரணத்தை எழுதிவைக்கும் பொருட்டே அக்குறிப்புகள் எழுதப்பட்டன. பல பத்தாண்டுகள் கழித்து, அவை வரலாற்று ஆவணங்களாயின. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் இறந்து கிடந்த அல்பட்ராஸ் குஞ்சுகளின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததை 1969இலேயே பறவையியல் ஆய்விதழ் ஒன்று வெளியிட்டது. தாய்ப்பறவை கடற்பரப்பிலிருந்து அள்ளிவந்து ஊட்டிய இரையில் அது கலந்திருந்தது.

கார்பென்டரின் வலையில் வந்த உருளைகள் கடையில் விற்ற எந்தப் பொருளின் உடைசலும் அல்ல என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் ஆலைகளில் வாயுவிலிருந்து பெறப்படும் பிசின், இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள குருணைகளாக வெட்டப்பட்டு மூட்டைகளில் அடைக்கப்படுகிறது. வாளி செய்பவரும் பை செய்பவரும் அதனை வாங்கி உருக்கி வார்க்கின்றனர். ஆங்கிலத்தில் இதற்கு ‘நர்டில்’ என்று பெயர். மூட்டை கிழியும், லாரியில் சிந்தும், ஆலையின் வடிகாலில் கழுவி விடப்படும். எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமல், எந்தக் கையாலும் பயன்படுத்தப்படாமல், நேரே கடலுக்குப் போகும் பிளாஸ்டிக் இது. குப்பைத்தொட்டியில் போடாத பொதுமக்களின் அலட்சியம் என்று இதனைச் சொல்ல முடியாது. அவ்வாறிருந்தும், கடல் மாசு பற்றிய நம் பேச்சுகளெல்லாம் பொதுமக்களின் கையிலுள்ள பையைப் பற்றியே சுழல்வது நமக்கு நெடுங்காலமாக ஒரு புதிராகவே இருக்கிறது.

அமெரிக்கத் தொழிலமைப்பு 1991இல் குருணை சிந்தாமல் காப்பதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. விரும்பிய நிறுவனம் சேரலாம், சேராமலும் இருக்கலாம். கப்பல்களிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் கொட்டுவதைத் தடைசெய்யும் பன்னாட்டு விதி 1988 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. அது வேண்டுமென்று எறிவதைத் தடுத்தது. விபத்தில் சிந்தும் சரக்கு அதன் கவலையாக இருக்கவில்லை.

பொருள் வெறுமனே மிதப்பதோடு நிற்கவில்லை என்பதை 2001இல் ஜப்பானின் ஹிதேஷிகே தகாதாவும் அவருடைய குழுவினரும் காட்டினர். கடல்நீரில் மிக நீர்த்த நிலையில் இருக்கும் பழைய நச்சுகள், அதாவது பி.சி.பி. எனப்படும் மின்மாற்றி எண்ணெய்ச் சேர்மங்களும் டி.டி.டி.யின் எச்சங்களும், எண்ணெய்த் தன்மையுள்ள பொருளை நாடுபவை. பாலிபுரோப்பிலீன் குருணைகளைக் கடலில் வைத்துச் சோதித்தபோது, சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல் இலட்சம் முதல் பத்து இலட்சம் மடங்கு வரை அந்நச்சுகள் குருணையில் செறிந்திருக்கக் கண்டனர். பின்னர் தகாதா உலகெங்கும் உள்ள மக்களைத் தத்தம் கடற்கரையில் குருணை பொறுக்கி அஞ்சலில் அனுப்பும்படி கேட்டு, அவற்றை ஆராய்ந்து, நாடுதோறும் நச்சின் அளவைக் காட்டும் வரைபடம் தயாரித்தார். மீன்முட்டையை ஒத்த வடிவும் நிறமும் கொண்ட அக்குருணையை மீனும் பறவையும் இரையென்றே விழுங்குகின்றன.

1997இல் சார்லஸ் மூர் என்னும் மாலுமி படகுப் போட்டி முடிந்து பசிபிக் வழியே திரும்புகையில் மிதக்கும் கழிவின் பரப்பைக் கண்டு எழுதியதும் உலகம் விழித்துக்கொண்டது. கடலில் ஒரு குப்பைத் தீவே இருப்பதாக இதழ்கள் எழுதின. அப்படியொரு தீவு இல்லை. சிறு துண்டுகள் பரவலாகக் கலந்த நீர்தான் உள்ளது. தீவு என்ற சொல் படம் பிடித்துக் காட்ட வசதியாக இருந்தது, அள்ளி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையையும் அதுவே கொடுத்தது.

அரசுகளின் கண்ணுக்கு முதலில் பட்டது பைதான். 1998இன் பெருவெள்ளத்தில் டாக்கா நகரின் வடிகால்களை மெல்லிய பாலித்தீன் பைகள் அடைத்துக்கொண்ட அனுபவத்துக்குப் பின், 2002இல் வங்கதேசம் அவற்றை நாடு முழுவதும் தடைசெய்தது. அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. தமிழ்நாட்டில் 14 வகைப் பொருள்களுக்கான தடை 2019 ஜனவரி 1 முதல் வந்தது. இவை வேண்டிய சட்டங்களே. ஆனால் குருணை எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

2021 மே மாதம். சிங்கப்பூர்க் கொடி தாங்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்னும் சரக்குக் கப்பல், கடலில் இறங்கிச் சில மாதங்களே ஆன புதுக்கப்பல், 1,486 கொள்கலன்களோடு கொழும்பு நோக்கி வந்தது. அவற்றில் 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. அமிலக் கொள்கலன் ஒன்று வழியிலேயே கசியத் தொடங்கியிருந்தது. அதனை இறக்கிவிடக் கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் ஏற்கப்படவில்லை. கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றபோது மே 20 அன்று தீ மூண்டது. நாள்கணக்கில் எரிந்த கப்பல் ஜூன் 2 அன்று ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லப்படும் முயற்சியின்போது அடிதட்டி மூழ்கத் தொடங்கியது.

கப்பலில் ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணை இருந்தது. அதுவரை உலகில் பதிவான பிளாஸ்டிக் சிந்தல்களில் இதுவே மிகப் பெரியது என்று ஐ.நா. வல்லுநர் குழு கூறியது. நீர்கொழும்பை அடுத்த சரக்குவ கடற்கரையில் மணல் தெரியாத அளவுக்கு வெண்குருணை முழங்கால் வரை குவிந்ததாகச் செய்திகள் வந்தன. கடற்படையினரும் தன்னார்வலர்களும் பாதுகாப்பு உடையணிந்து சல்லடையால் மணலைச் சலித்தனர். கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் உள்ளிட்டோர் உட்ஸ் ஹோல் ஆய்வாளர்களோடு சேர்ந்து அக்குருணையை ஆராய்ந்தபோது, வெண்மணிகளோடு கரியாகி உருகிக் கட்டிப்பட்ட துண்டுகளும் பெருமளவில் இருந்தன. கரிந்தது கல்லைப் போலத் தோன்றும்; மணலிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். நச்சுக் கலவையும் அதில் கூடுதல். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கார்பென்டர் பணியாற்றிய அதே நிறுவனத்துக்கு, அவர் வலையில் கண்ட அதே பொருள், இம்முறை எரிந்த நிலையில் வந்து சேர்ந்தது.

மேற்குக் கரை நெடுக மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. சிங்களமும் தமிழும் பேசும் மீனவக் குடும்பங்கள், பெருந்தொற்றினால் ஏற்கெனவே முடங்கியிருந்த வேளையில், கடலுக்கும் போக முடியாமல் கரையில் அமர்ந்தன. பிடித்த மீனை வாங்கவும் மக்கள் அஞ்சினர். அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 170க்கு மேற்பட்ட கடலாமைகளின் உடல்கள் கரையொதுங்கியதாக அதிகாரிகள் தெரிவித்தனர். நான்கு ஆண்டுகள் கடந்து, 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்புக்கு இரு மாதங்கள் முன்பாக, 2025 மே 25 அன்று, லைபீரியக் கொடியுடைய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்னும் கப்பல் 640 கொள்கலன்களோடு கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்ற கப்பல் அது. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கியே ஓடும். சில நாள்களுக்குள் திருவனந்தபுரத்தின் கரைகளிலும், அதனைத் தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக் கிராமங்களிலும் மூட்டை மூட்டையாகவும் உதிரியாகவும் வெண்குருணை ஒதுங்கியது. கட்டுமர மீனவர்கள் வலையை உதறியபோது மீனுக்கு முன் அது உதிர்ந்தது.

கொழும்பு விபத்துக்குப் பின், குருணையை ஆபத்தான சரக்குகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை சர்வதேசக் கடல்சார் அமைப்பின் முன் வைக்கப்பட்டது. பட்டியலில் சேர்ந்தால் அது கப்பலின் அடித்தளத்தில் வைக்கப்படும், உறுதியான கட்டுமானத்தில் அடைக்கப்படும், கொள்கலனின் மேல் எச்சரிக்கை எழுதப்படும். 2024 மார்ச்சில் அவ்வமைப்பு இவற்றில் சிலவற்றைப் பரிந்துரையாக வெளியிட்டது. பின்பற்றியாக வேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. பிளாஸ்டிக் பற்றிய உலக உடன்படிக்கை ஒன்றைக் காண 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் ஒப்புக்கொண்டு தொடங்கிய பேச்சு, 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடிவு எட்டாமலேயே கலைந்தது. உற்பத்தியின் அளவுக்கு வரம்பு வேண்டும் என்பாரும், கழிவைக் கையாள்வதோடு நிறுத்திக்கொள்வோம் என்பாரும் உடன்படவில்லை. 1950இல் ஆண்டுக்கு 20 இலட்சம் டன்னாக இருந்த உற்பத்தி 2015இல் 38 கோடி டன்னைத் தொட்டிருந்தது. அதில் பெரும்பகுதி ஏதோ ஒரு கட்டத்தில் குருணையாக மூட்டையில் அடைக்கப்பட்டு, சாலையிலோ கடலிலோ பயணம் செய்த பொருளாகும்.